கலத்தலும் கரைதலும்

கலப்பு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். முப்பது ஆண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வருபவனுக்கு இது தொழிலோடு ஒட்டிக்கொண்ட குணம் எனலாம். மாணாக்கன் எழுதிய கட்டுரையிலே பிறமொழிச் சொல் ஒன்று காரணமின்றிப் புகுந்திருக்கக் கண்டால் என் சிவப்புப் பேனை தானே ஓடும். இசையிலும் எனக்கு இதே மனப்பான்மைதான். இரு நாட்டு இசைகளை ஒரே மேடையில் ஏற்றி, ஒன்றின் தாளத்தை மற்றொன்றின் முதுகிலே சுமத்தி, கேட்போர் கைதட்டியதும் அதனைப் புதுமை என்று பெயரிட்டுக்கொள்ளும் கூத்தைப் பலமுறை கண்டு சலித்தவன்.

சென்ற மார்கழி விடுமுறையிலே, என்னிடம் முன்பு தமிழ் படித்து இப்பொழுது பாடசாலையொன்றிற் சங்கீத ஆசிரியராயிருக்கும் அன்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் கையில் ஓர் இசைத்தட்டு இருந்தது.

"ஐயா, இது ஊத் எண்டு ஒரு அரபு வாத்தியம். ஜாஸ்காரர் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கினம். ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றார்.

"இரண்டையும் கெடுத்திருப்பினம். எனக்கேன் தம்பி அது?" என்றேன்.

அவர் வாதாடவில்லை. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, தேநீர் அருந்தி, விடைபெற்றுப் போனார். அவர் போன பின்னரே பழைய நிகழ்ச்சியொன்று என் நினைவுக்கு வந்தது. அவர் மாணாக்கராயிருந்த காலத்திலே, தமிழ்த்தின விழாவுக்கென்று வயலினோடு கிற்றாரையும் சேர்த்து ஒரு பாட்டுக்கு இசையமைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒத்திகையின்போது கிற்றாரைக் கண்டதுமே நான் அதனை நிறுத்திவிட்டேன். ஒரு சொல்லும் பேசாமல் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போன அந்தப் பிள்ளைதான் இவர். அந்த நினைவு உறுத்தியதனாலேயே, விடைத்தாள் திருத்தி அலுத்த ஓர் இரவில் அத்தட்டைக் கேட்கத் தொடங்கினேன்.

தட்டின் பெயர் 'திமார்'. அரபு மொழியிலே கனிகள் என்பது அதன் பொருள். 1998ஆம் ஆண்டு வெளியானது. ஊத் வாசிப்பவர் தூனிசியா நாட்டினராகிய அன்வர் பிராஹெம். உடன் வாசிப்போர் ஆங்கிலேய ஜாஸ் இசைஞர் இருவர். சாக்ஸபோனும் தாழ்குரற் கிளாரினெட்டும் ஊதுபவர் ஜோன் சேர்மன். ஆளுயர வயலின் போன்ற டபிள் பாஸ் வாசிப்பவர் டேவ் ஹொலண்ட். ஜாஸ் என்றால் முரசின் அதிர்வும் எக்காளத்தின் முழக்கமுமே என்று எண்ணியிருந்த எனக்கு, இதிலே தோற்கருவி ஒன்றேனும் இல்லாதிருந்தது முதல் வியப்பு. எவரும் எவரையும் முந்தாதிருந்தது அடுத்த வியப்பு. ஊத் சிறிது பேசி நின்றது. அந்த மௌனம் முற்றுப்பெற விட்டு, கிளாரினெட் தன் பேச்சைத் தொடங்கிற்று. டபிள் பாஸ் இருவர் பேச்சுக்கும் நிலமாய்க் கிடந்தது. முற்றத்திலே பாய் விரித்து அமர்ந்த மூன்று முதியவர்களின் உரையாடலைத் திண்ணையிலிருந்து கேட்பது போன்றிருந்தது. தட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

பிடிவாதக்காரனுக்கு ஐயம் பிறந்தால் ஆராய்ச்சி தொடங்கிவிடும். அக்கருவியையும் அக்கலைஞரையும் பற்றித் தேடிப் படித்தவற்றையும், கேட்டு உணர்ந்தவற்றையும் இங்கே எழுதுகின்றேன்.

மரமும் மணமும்

ஊத் என்ற பெயர் நம் செவிக்கு முற்றும் புதிதன்று. ஊதுவத்தி என்று நாம் நாளும் வழங்கும் சொல்லின் முற்பாதி அதுவே. நாம் அதனை 'ஊது' என்னும் தமிழ் வினையாக மயங்கிக்கொண்டிருக்கின்றோம். அரபு மொழியில் அச்சொல்லுக்கு மரம், கட்டை என்பன பொருள். மணக்கின்ற அகிற்கட்டையும் ஊத். ஒலிக்கின்ற மரக்கருவியும் ஊத். 'அல்' என்னும் முன்னொட்டோடு கூடிய 'அல்ஊத்' என்ற பெயரே ஐரோப்பா சென்று 'லூட்' என்று திரிந்தது. பெயரோடு கருவியும் சென்றது.

மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து ஒட்டிச் செய்த, பிளந்த பேரிக்காய் போன்ற வயிறு, குறுகிய கழுத்து, பின்னோக்கி மடிந்த தலையிலே பிரடைகள். நரம்புகள் பெரும்பாலும் 11. அவற்றுள் ஐந்து இரட்டைகள்; தாழ்ந்த சுருதிக்கு ஓர் ஒற்றை. மீட்டுங் கோலுக்கு 'ரீஷா' என்று பெயர். ரீஷா என்றால் இறகு. கழுகின் இறகுத் தண்டினால் மீட்டிய பழங்காலத்தை அப்பெயர் இன்றும் காட்டி நிற்கின்றது.

இக்கருவியின் உயிர்நிலை அதன் கழுத்திலே இருக்கின்றது. வீணைக்கு உள்ளவை போன்ற மெட்டுகள் இதற்கு இல்லை. விரல் எங்கு அழுந்துகின்றதோ அங்குச் சுரம் பிறக்கும். ஆதலால் இரண்டு சுரங்களுக்கு இடையே உள்ள நுண்ணிடங்களிலெல்லாம் இது நின்று பேசவல்லது. ஒன்பதாம் நூற்றாண்டிலே அல்கிந்தியும், பத்தாம் நூற்றாண்டிலே அல்பாராபியும் இசையிலக்கணம் வகுத்தபோது, ஊத்தின் கழுத்தையே அளவுகோலாகக் கொண்டு சுரங்களை விளக்கினர். பக்தாதிலிருந்து புறப்பட்டு 822ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் தேசத்துக் கோர்தோபாவுக்குப் போன சிர்யாப் என்னும் இசைவாணர், இதற்கு ஐந்தாவது நரம்பைச் சேர்த்தார் என்பது வழிவழி வந்த செய்தி. பழமையெனக் கொண்டாடப்படும் கருவியும் புதுநரம்பு ஏற்றுத்தான் வளர்ந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

குருவின் வீடு

அன்வர் பிராஹெம் 1957ஆம் ஆண்டு, தூனிஸ் நகரின் பழம்பகுதியாகிய ஹல்பாவின் என்னுமிடத்திற் பிறந்தார். தூனிசியா பிரான்சின் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற மறு ஆண்டு அது. தந்தையார் செதுக்குவேலையும் அச்சுத்தொழிலும் செய்தவர், இசைப்பிரியர். மகனைப் பத்து வயதிலே தேசிய இசைக்கல்லூரியிற் சேர்த்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர், ஊத் வித்துவான் அலி ஸ்ரிதி.

பதினைந்து வயதிலே உள்ளூர் வாத்தியக் குழுக்களோடு வாசிக்கத் தொடங்கிய பிராஹெம், பதினெட்டு வயதில் இசையே தம் வாழ்வு என்று துணிந்தார். அப்பொழுது நடந்ததுதான் என் மனத்தைப் பெரிதுங் கவர்ந்த செய்தி. நான்கு ஆண்டுகள், நாள்தோறும், அலி ஸ்ரிதி அவரைத் தம் வீட்டிலே ஏற்றுப் பாடஞ் சொன்னார். மகாம் எனப்படும் இசைமுறைகளின் வடிவங்களையும் நுட்பங்களையும் வாய்மொழியாக, விரல்மொழியாக வழங்கினார். குருகுலம் என்பதை நாம் நம்முடைய தனிச்சொத்து என்று எண்ணிப் பெருமை கொள்வதுண்டு. தூனிஸ் நகரத்து வீடொன்றிலும் அது நடந்தது.

மகாம் என்பதை நம்மவர்க்கு விளக்குதல் அரிதன்று. இராகத்தைப் போல, குறித்த சுரங்களும், அவை ஏறி இறங்கும் நெறியும், நிற்கும் இடங்களும், தனக்கே உரிய மெய்ப்பாடும் உடையது மகாம். ஆலாபனையைப் போல, தாளக்கட்டின்றி ஒரு மகாமைத் தனிக்கருவியில் விரித்துக் காட்டுவது தக்சீம். ரஸ்த், பயாத்தி முதலிய மகாம்களிலே, பியானோவின் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவே நிற்கும் சுரங்கள் வரும். அவற்றைக் கால்சுரம் என்பர். ரஸ்த் மகாமின் மூன்றாஞ் சுரம் அத்தகையது. அதனைச் சற்று ஏற்றினாலும் இறக்கினாலும் ரஸ்த் ரஸ்தாகாது.

அக்காலத்து அரபுலகிலே ஊத் தன் பழைய மதிப்பில் இருக்கவில்லை. பெரும் பாடகரும், அவர்க்குப் பின்னே பெருந்தொகையான வயலின்களும் மேடையை நிறைத்திருந்தனர். ஊத், பாடகனுக்குப் பக்கவாத்தியமாகவும் இசையமைப்போன் மெட்டுப் போடும் கருவியாகவும் ஒதுங்கியிருந்தது. ஈராக்கிய வித்துவான் முனீர் பஷீர் (1930–1997) அதனைத் தனிக்கச்சேரிக் கருவியாக உலக மேடைகளில் நிறுத்தியவர். பிராஹெமின் வேட்கையும் அதுவே. பாட்டுக்குத் துணையாக அன்றி, தானே பேசும் கருவியாக ஊத்தை அமர்த்தி, அதற்கெனப் புதிய உருப்படிகளை இயற்றலானார்.

1981ஆம் ஆண்டு பாரிசு சென்று நான்கு ஆண்டுகள் தங்கினார். அங்கே நடனத்துக்கும் திரைப்படத்துக்கும் இசை வழங்குவோரோடு பழகினார். 1985இல் தாயகம் மீண்டு, கார்த்தேஜ் விழாவிலே தூனிசிய, துருக்கிய இசைஞரையும் பிரெஞ்சு ஜாஸ் இசைஞரையும் ஒரே மேடையில் அமர்த்தினார். 1987இல் தூனிஸ் நகர இசைக்குழுவுக்கு நெறியாளரானபோது, அந்தப் பெருங்குழுவைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார். ஓர் ஆண்டு புதிய ஆக்கங்கள், மறு ஆண்டு பழைய மரபு என்று இரண்டுக்கும் இடங் கொடுத்தார்.

கைரோ மாநாடு

இவ்வாறு செய்தல் தகுமா என்ற கேள்வி அரபு நாடுகளிலே பழைய கேள்வி. 1932ஆம் ஆண்டு, மன்னர் முதலாம் புவாத்தின் ஆதரவிலே கைரோவில் அரபு இசை மாநாடு ஒன்று கூடிற்று. ஹங்கேரி நாட்டுப் பார்ட்டோக், ஜெர்மானியராகிய ஹிண்டெமித் போன்ற ஐரோப்பிய இசை மேதைகளும் வந்திருந்தனர். ஐரோப்பியக் கருவிகளை, சிறப்பாகப் பியானோவை, அரபு இசையில் ஏற்கலாமா என்பது அங்கே எழுந்த பெரிய வழக்கு. நகைப்புக்குரிய செய்தி என்னவெனில், 'உங்கள் இசையை எங்கள் கருவிகளாற் கெடுத்துக்கொள்ளாதீர்கள்' என்ற பக்கத்திலே ஐரோப்பியர் பலர் நின்றனர். 'முன்னேறிய கருவி எமக்கும் வேண்டும்' என்ற பக்கத்திலே எகிப்தியர் பலர் நின்றனர். கால்சுரம் ஒலிக்கும் பியானோவைச் செய்து காட்டியோரும் இருந்தனர்.

அம்மாநாட்டின் ஏற்பாட்டிலே தூனிசுக்குத் தனிப்பங்கு உண்டு. தூனிஸ் நகருக்கு அண்மையிலுள்ள சீதி பூ சயீத் என்னும் கடலோர ஊரில் வாழ்ந்த பாரன் ரொடோல்ப் தெர்லாஞ்சே, அரபு இசையிலக்கணத்தைப் பற்றி ஆறு பெருந்தொகுதிகள் வெளிவரக் காரணராயிருந்தவர். மாநாட்டுக்கு வேண்டிய ஆய்வுகளைச் செய்த அவர், அதே 1932ஆம் ஆண்டிற் காலமானார். ஈராண்டு கழித்து, 1934இல், ஸ்பெயினிலிருந்து வந்த பழைய மாலூப் இசையைக் காப்பதற்கென்று ரஷீதியா என்னும் சங்கம் தூனிசில் நிறுவப்பெற்றது. பிராஹெம் பிறந்து வளர்ந்த நகரம், தன் இசை அழிந்துபோகுமோ என்று அஞ்சிக் காவல் வைத்த நகரம் என்பதை மறத்தலாகாது. அவருடைய குருவின் வீடும் அந்தக் காவலின் ஒரு பகுதியே.

காவலுக்குள் வளர்ந்தவர் கதவைத் திறந்தது எவ்வாறு? அதற்கு விடை காண, மறுபக்கத்துக் கதவையும் பார்த்தல் வேண்டும்.

நீலச் சுரம்

ஜாஸ் இசை, அமெரிக்காவிலே அடிமைகளாக இருந்தோரின் வழித்தோன்றல்களாகிய கறுப்பின மக்களிடமிருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, நியூ ஓர்லியன்ஸ் நகரில் உருப்பெற்றது. அதற்குத் தாய்மாரில் ஒருத்தி 'புளூஸ்' என்னும் துயரப் பாட்டு. அப்பாட்டிலே மூன்றாஞ் சுரமும் ஏழாஞ் சுரமும் ஐரோப்பிய இலக்கணம் குறித்த இடத்தில் நில்லாமல் சற்றே தாழ்ந்து குழையும். அவற்றை நீலச் சுரம் என்று அழைப்பர். பியானோவின் இரு கட்டைகளுக்கு இடையே உள்ள வெடிப்பிலே அச்சுரங்கள் வாழ்கின்றன. ரஸ்த் மகாமின் மூன்றாஞ் சுரத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைவு கூர்க. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. பிறப்பும் வேறு, பயனும் வேறு. ஆயினும் ஐரோப்பியக் கட்டைகளுள் அடங்காத துயரம் ஒன்று இரு மரபிலும் உண்டு.

இவ்வளவு உறவு இருந்தும் இவை எளிதிற் சேர்ந்துவிடவில்லை. ஜாஸ் கலைஞன் கற்பனை செய்து வாசிப்பது, மாறி மாறி வரும் சுரக்கூட்டுகளின் மேல். பல சுரங்கள் ஒரேவேளை ஒலிப்பது சுரக்கூட்டு. நான்கு மாத்திரைக்கு ஒரு கூட்டு மாறினால் கற்பனையும் அதற்கேற்பத் தாவ வேண்டும். மகாமோ ஓரிடத்தில் அமர்ந்து ஆழம் காண்பது. ஓடுகின்ற வண்டியிலே தியானம் செய்ய இயலுமோ?

1959ஆம் ஆண்டு மைல்ஸ் டேவிஸ் என்னும் எக்காள வித்துவான் 'கைண்ட் ஒவ் புளூ' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அதிலே சுரக்கூட்டுகளின் ஓட்டத்தைக் குறைத்து, ஒரு சுரவரிசையில் நெடுநேரம் நின்று கற்பனை செய்யும் முறையை அவர் கையாண்டார். ஜாஸ் வண்டி ஓரிடத்தில் நின்றது எனலாம். மகாம் ஏறி அமர்வதற்கு அப்பொழுதே இடம் உண்டாயிற்று என்பது என் கருத்து.

முன்சென்றோர்

பிராஹெமுக்கு முன்னரே இம்முயற்சியிற் புகுந்தோர் உண்டு. நியூயோர்க்கின் புரூக்ளினிலே 1927இற் பிறந்த அகமத் அப்துல் மாலிக், தெலோனியஸ் மங்க் என்னும் ஜாஸ் மேதையின் குழுவில் டபிள் பாஸ் வாசித்தவர். 1958ஆம் ஆண்டு 'ஜாஸ் சகாரா' என்ற தட்டிலே அரபு இசைஞரையும் ஜாஸ் இசைஞரையும் சேர்த்து ஊத் வாசித்தார். தம் தந்தையார் சூடான் தேசத்தவர் என்று அவர் சொல்லி வந்தார். பெற்றோர் கரிபியன் தீவாகிய சென் வின்சென்ரிலிருந்து வந்தவர் என்பதைப் பிற்கால ஆய்வு காட்டிற்று. இதனை அவருக்கு இழுக்காக நான் கொள்ளவில்லை. அரபு இசை அவருக்குக் குருதியால் வந்ததன்று. நாடிக் கற்றதனால் வந்தது. மரபு பிறப்புரிமை என்று இறுமாந்திருக்கும் நமக்கு அவர் வாழ்வு ஒரு கேள்வி.

மற்றொருவர் லெபனான் நாட்டு ரபீ அபூ கலீல். பெய்ரூட்டில் 1957இற் பிறந்து, உள்நாட்டுப் போரின் காரணமாக 1978இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்றவர். 1992இல் அவர் வெளியிட்ட 'புளூ கமல்' என்னும் தட்டிலே அமெரிக்க, கனேடிய ஜாஸ் கலைஞரோடு, சென்னையிற் பிறந்த ரமேஷ் ஷோத்தம் தென்னிந்தியத் தாளவாத்தியங்களை வாசிக்கின்றார். ஊத் கணக்கு வைத்து ஓட, நம் தாளவாத்தியம் அதற்கு விடை சொல்லும் இடங்களிலே என் கை தானாகத் தொடையில் தாளமிட்டது. அபூ கலீலின் இசை விரைவும் குறும்பும் நிறைந்தது. பிராஹெமின் இசை அதற்கு எதிர்நிலையிலே, தாழ்குரலிற் பேசுவது.

பியானோ என்னும் சோதனை

1990ஆம் ஆண்டு பிராஹெம் ஜெர்மானிய இசைப் பதிப்பாளராகிய மான்பிரெட் ஐக்கரைச் சந்தித்தார். அவருடைய ஈ.சி.எம். நிறுவனத்தின் வழியாக 1991இல் முதற்றட்டு வெளிவந்தது. பெயர் 'பர்சக்'. இறப்புக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடைப்பட்ட நிலையை இஸ்லாமிய மரபு அச்சொல்லாற் குறிக்கும். முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு உலகங்களுக்கு இடையே நிற்பதை அவர் தொடக்கத்திலேயே தமக்குப் பெயராக வைத்துக்கொண்டார் போலும். அத்தட்டிலே தூனிசிய இசைஞர் இருவரே உடன் வாசிக்கின்றனர். தன் வீட்டை முதலிற் காட்டிவிட்டே அவர் அயலார் வீட்டுக்குப் போனார். 1994இல் வெளியான 'மதார்' என்னும் தட்டிலே நோர்வே நாட்டுச் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கார்பரெக்கும், பாகிஸ்தானியத் தபேலா மேதை உஸ்தாத் ஷௌகத் ஹுசைனும் உடனிருந்தனர். பின்னரே நான் கேட்ட 'திமார்'.

அடுத்து வந்தது கடுஞ்சோதனை. 2002இல் வெளியான 'கறுப்புப் பூனையின் அடிச்சுவடு' என்ற பொருளுடைய பிரெஞ்சுப் பெயர் கொண்ட தட்டிலே, ஊத்துடன் பியானோவும் அக்கோடியனும் சேர்கின்றன. கைரோ மாநாட்டிலே வழக்குக்குள்ளான அதே பியானோ! அதன் உருப்படிகளைப் பிராஹெம் பியானோவில் அமர்ந்தே இயற்றினார். கால்சுரம் பியானோவில் ஒலிக்காது. ஆதலால், பியானோவோடு சேரும் ஊத் கலைஞனுக்கு நேர்மையான வழிகள் இரண்டே. கால்சுரம் வேண்டாத நஹாவந்த், குர்த் முதலிய மகாம்களில் நின்று இருவரும் பேசலாம். அல்லது ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்மூடி இருக்கலாம். மூன்றாவது வழியொன்றும் உண்டு. ஊத்தையே பியானோவின் சுரங்களுக்குப் பழக்கி, கால்சுரத்தை மறந்துவிடுவது. கலத்தல் கரைதலாக மாறும் இடம் அதுதான்.

பிராஹெம் மௌனத்தைத் தேர்ந்தார். அத்தட்டிலே பல இடங்களில் ஊத் நெடுநேரம் வாய் திறவாதிருக்கின்றது. பியானோவும் அக்கோடியனும் வீதியை அமைக்கின்றன. ஊத் பின்னர் மெல்ல வந்து, சில அடிகள் நடந்து, நின்றுவிடுகின்றது. தம் பெயரில் வெளிவரும் தட்டிலே தம் கருவியையே காத்திருக்க வைக்கும் அடக்கம், எளிதில் வாய்க்கும் குணமன்று.

2017ஆம் ஆண்டு, அவருக்கு அறுபது வயது நிறைந்த ஆண்டு, 'புளூ மகாம்ஸ்' வெளியாயிற்று. நீல மகாம்கள் என்று நாம் சொல்லலாம். நியூயோர்க்கிலே ஒலிப்பதிவு செய்யப்பட்ட அதிலே ஆங்கிலேயப் பியானோக் கலைஞர் ஜாங்கோ பேட்ஸ், மீண்டும் டேவ் ஹொலண்ட், முரசு வாசிக்க ஜாக் டிஜோனெட். பின்னிருவரும் 1969–70ஆம் ஆண்டுகளில் மைல்ஸ் டேவிசின் குழுவில் வாசித்தவர். சுரக்கூட்டுகளின் ஓட்டத்தை நிறுத்தி இடங் கொடுத்த அந்த மனிதரின் பள்ளியிற் பயின்ற இருவர், அலி ஸ்ரிதியின் மாணாக்கரோடு வந்து அமர்ந்தனர். முரசு இருந்தும் முழக்கம் இல்லை. டிஜோனெட்டின் கோல்கள் வெண்கலத் தட்டங்களில் மழைத்தூறல் போல விழுகின்றன.

குறை சொல்லாது விடுதல் பண்டிதன் இயல்பன்று. பிராஹெமின் தட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டபோது, மெய்ப்பாடு ஒன்றே ஓங்கி நிற்பதை உணர்ந்தேன். அமைதியும் ஏக்கமும் மிக்க இடத்திலே உவகையும் வீரமும் அருகியே தோன்றுகின்றன. பியானோ சேர்ந்த தட்டுகளில், ரஸ்த் மகாமின் அந்த மூன்றாஞ் சுரத்துக்காக என் செவி ஏங்கியதும் உண்டு. கலப்பினாற் பெற்றதைச் சொல்பவன் அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். அந்த விலை அவருக்கும் தெரிந்திருக்கின்றது என்பதற்கு, பியானோ பேசும்போது அவர் காக்கும் மௌனமே சான்று.

சொல் நில்லாத இடம்

இவ்விசை வெறும் நுட்ப விளையாட்டு அன்று என்பதை அவருடைய பிந்திய ஆக்கங்கள் காட்டும். 2009இல் வெளியான தட்டொன்றை, அதற்கு முந்திய ஆண்டு மறைந்த பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் நினைவுக்குப் படைத்தார். 2011ஆம் ஆண்டு தூனிசியாவில் மக்கள் எழுச்சியினால் ஆட்சி கவிழ்ந்தது. நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த காலத்திலே அவரால் நெடுநாள் இசை இயற்ற இயலவில்லை. நிகழ்ச்சிகள் மனத்தை முற்றும் நிறைத்துக்கொண்டன. பின்னர் 2014ஆம் ஆண்டின் இறுதியில், நரம்புக்கருவிகளின் பெருங்குழுவோடு சேர்ந்த 'சுவனான்ஸ்' என்னும் ஆக்கம் வெளிவந்தது. நினைவுகூர்தல் என்பது அப்பெயரின் பொருள். அதிலே வெற்றி முழக்கம் எதிர்பார்ப்போர் ஏமாறுவர். நடந்ததை நம்பவும் நம்பாதிருக்கவும் முடியாத ஒருவரின் நடை அது.

2025இல் வெளிவந்த தட்டுக்கு அவர் வைத்த பெயரும் தர்வீஷின் கவிதையொன்றிலிருந்து எடுத்ததே. கடைசி வானத்துக்கு அப்பால் என்று அதனைத் தமிழாக்கலாம். ஊத்தும் பியானோவும் டபிள் பாசும் செலோவும் மட்டும், முரசு இல்லை. காசாவின் அழிவு உலகின் கண்முன்னே நடந்துகொண்டிருந்த காலத்திற் பதிவானது. பாட்டு இல்லை, எவரையும் பழிக்கும் சொல்லும் இல்லை. அன்யா லெக்னர் என்னும் ஜெர்மானியப் பெண்மணியின் செலோ தாழ்ந்த குரலில் எழ, ஊத் அதன் பக்கத்தே அமர்ந்திருக்கின்றது. இழவு வீட்டிலே ஆறுதல் சொல்லத் தெரியாமல், துயருற்றவரின் பக்கத்தில் வெறுமனே அமர்ந்திருப்போமே, அதுபோல. சொல்லை விற்றே வாழ்கின்ற எனக்கு, சொல் இல்லாமலும் ஒருவர் பக்கம் நிற்கலாம் என்பதை அது காட்டிற்று. பல நாட்டார் சேர்ந்து வாசித்ததனாலே அத்துயரம் நீர்த்துப்போகவில்லை. சுமப்பதற்குத் தோள்கள் கூடின.

இவ்வளவையும் கேட்டு முடித்தபின் கலப்பைப் பற்றிய என் கருத்து மாறிற்றா என்று அன்பர்கள் கேட்கலாம். ஒருவாறு மாறிற்று. கலப்பு நன்றோ தீதோ என்று கேட்பது பயனற்ற கேள்வி என்று இப்பொழுது எண்ணுகின்றேன். கலக்க வருபவன் தன் மரபிலே எவ்வளவு காலம் குடியிருந்தான், மற்றவன் பேசும்போது வாய்மூடிக் கேட்கத் தெரிந்தவனா, எதனை இழக்கின்றான் என்பதை அறிந்து இழக்கின்றானா என்பனவே கேட்கத்தக்கவை. நான்கு ஆண்டுகள் நாள்தோறும் குருவின் வீட்டுக்கு நடந்தவருக்கே பியானோவின் முன் மௌனம் காக்கும் துணிவு வந்தது. கற்காதவனுக்கு மௌனமாயிருக்க அச்சம்; ஆதலாலேயே அவன் மேடையை ஓசையால் நிரப்புகின்றான்.

இம்முடிவோடு, தைப்பொங்கல் கழிந்த ஒரு மாலையில் அந்தச் சங்கீத ஆசிரியரின் வீட்டுக்கு நானே சென்றேன். தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய ஒத்திகையைப் பற்றிப் பேச்செடுத்து, "தம்பி, அண்டைக்கு நான் உங்களை நிற்பாட்டினது பிழை" என்றேன்.

அவர் சிரித்தார். "இல்லை ஐயா. நிற்பாட்டினது சரிதான். எனக்கு அப்ப வயலினே வடிவா வராது. கிற்றார் வாசிச்ச பெடியனுக்கு மூண்டு மாதப் பழக்கம். அது நல்லா வந்திருக்காது" என்றார். சிறிது நேரம் தட்டின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ஆனால் ஏன் எண்டு நீங்கள் சொல்லேல்லை. கிற்றாராலைதான் எண்டு நான் கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றார்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. வீடு மீளும் வழியெல்லாம் அலி ஸ்ரிதியை நினைத்துக்கொண்டே வந்தேன். மகாமின் மூன்றாஞ் சுரம் ஏன் அங்கே நிற்கவேண்டும், ஏன் சற்றும் விலகலாகாது என்பதை அவர் நாள்தோறும் தம் மாணாக்கருக்குக் காட்டியிருப்பார். காரணம் அறிந்து கற்றதனாலேயே அம்மாணாக்கர் வேண்டிய வேளையில் அதனை விட்டு நிற்கவும் அறிந்தார். நான் தடுத்தேன், காரணம் சொல்லவில்லை. இம்முறை பாடசாலை திறந்ததும், என் சிவப்புப் பேனை ஓடும் இடங்களிலெல்லாம் பக்கத்தில் ஒரு வரி எழுதிவருகின்றேன். கட்டுரை திருத்துவதற்கு இப்பொழுது இருமடங்கு நேரம் செல்கின்றது.